போனது யாருடைய மரியாதை?

தை பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்துத் தேவாரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பேச்சு கிளம்பிவிடும். பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடை, காதுகுத்து மண்டபம், சொந்தக்காரர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். அம்மி போச்சு, உரல் போச்சு, திண்ணை போச்சு. அப்பத்தாவை அப்பத்தா என்று கூப்பிடப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பாரில்லை. வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்பாரில்லை. பழைய சொல்லும் பழைய வழக்கமும் ஒவ்வொன்றாக அழிகின்றன. அழித்தவை ஆங்கிலப் பள்ளியும் கைபேசியும். குற்றவாளிகள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். பேச்சு இப்படி முடிந்ததும் கூட்டம் தலையாட்டும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தத் தலையாட்டலில் நான் சேரமாட்டேன். பேசுகிறவர்களின் வருத்தம் பொய் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள், ஊருக்கு நல்லது செய்தவர்கள். ஆனாலும் அவர்களுடைய கணக்கு தவறு. ஒரு வழக்கத்தின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. அது ஏன் நின்றது என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் அழவேண்டிய இடமும் மாறும், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆளும் மாறிவிடுவார்.

அந்தப் பேச்சில் தவறாமல் வருகிற ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “அந்தக் காலத்தில் ஒரு சாவு என்றால் ஆள் விட்டுச் சொல்லியனுப்புவார்கள். இன்றைக்குப் போனில் நாலு வார்த்தை, வாட்ஸ்அப்பில் ஒரு படம், அதோடு சரி.” கேட்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது. அந்த ஆள் யார்?

ஊருக்குத் தள்ளி ஒதுக்கப்பட்ட தெருவில் குடியிருந்தவர் அவர். கேதம் சொல்லப் போவது அவருடைய விருப்பத்தைக் கேட்டு வந்த வேலையல்ல, பிறப்பின் பேரால் அவர் தலையில் ஏற்றப்பட்ட ஊழியம். நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்லக்கூடாது. தேவாரத்தில் ஒருவர் தவறிவிட்டால் கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் போடிக்கும், இன்னும் சொந்தபந்தம் இருந்த பட்டிகள் அத்தனைக்கும் அவர் இருட்டில் நடந்தார். போன இடத்தில் வாசலுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தார். இன்னார் தவறிட்டாக, இந்நேரத்துக்கு எடுக்கிறாக என்று சொல்லிவிட்டு, மேலேயிருந்து கையில் போட்ட சில்லறையையும், தாம் கொண்டுபோன ஏனத்தில் விழுந்த சோற்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். ஒரு வீடு விட்டுப்போனால் ஏச்சு அவருக்குத்தான். ஊர் திரும்பியபின் கொட்டடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்ட ஆள் கிடையாது.

கைபேசி வந்தது, அந்த நடை நின்றது. அவருடைய பேரனின் கதவை நடுராத்திரியில் தட்டி, “கெளம்புடா” என்று சொல்ல இன்று யாருக்கும் துணிச்சல் வராது. அந்தக் குடும்பத்தின் வாசலில் போய் நின்று, ஆள் விட்டுச் சொல்கிற அருமையான வழக்கம் போய்விட்டதே என்று நம் மேடைப் பேச்சாளர் அழுவாரா? அழமுடியாது என்றால், பொது மேடையில் அதே அழுகை எப்படி நியாயமாகும்? ஒரே ஊர், ஒரே வழக்கம். ஒரு தெருவுக்கு அது இனிய நினைவு, இன்னொரு தெருவுக்குக் காலில் கிழித்த முள். ‘நம் பழைய வழக்கம்’ என்று சொல்லும்போது அந்த ‘நம்’மில் இரண்டாவது தெருவை நாம் சேர்க்கவே இல்லை.

மரியாதை போய்விட்டது என்ற புகாரும் இப்படித்தான். நிலம் வைத்திருந்த வீட்டுப் பத்து வயதுப் பையன், அறுபது வயது உழைப்பாளியைப் பேர் சொல்லி வாடா போடா என்பான். அந்தப் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு “சாமி” என்பார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேல்சாதித் தெருவைக் கடந்ததும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனதும், டீக்கடையில் தனிக் குவளையில் குடித்துவிட்டுத் தாமே கழுவி வைத்ததும் மதுரைச் சீமையில் ‘அன்றாட வழக்கங்கள்’தான். வயதுக்கு மரியாதை கொடுத்த காலம் என்று நாம் புகழ்கிற காலத்தில், அந்தப் பெரியவரின் அறுபது வயது அவருக்கு எந்த மரியாதையையும் வாங்கித் தரவில்லை. ஆகவே அன்று மரியாதை வயதைப் பார்த்துப் போகவில்லை. எந்தத் தெரு என்று பார்த்துவிட்டுத்தான் போனது.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. சட்டம் அச்சான மறுநாளே ஊர் மாறிவிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் சட்டத்துக்குத் துணையாக நின்றது மலை. பண்ணையில் வருசம் முழுக்க உழைத்துவிட்டுக் களத்தில் அளந்து போடும் தானியத்துக்காகக் கைகட்டி நின்றவர்களுக்கு, ஏலத்தோட்டம் கூலியைக் காசாகக் கையில் கொடுத்தது. கையில் காசு வந்ததும் கடைக்காரர் யாராக இருந்தாலும் அரிசி கொடுத்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போனான், பஸ் ஏறித் திருப்பூர் போனான், கோயம்புத்தூர் போனான். திரும்பி வந்தவனை “வாடா” என்று கூப்பிட்டால் அவன் நிற்கவில்லை. மரியாதை போய்விட்டது என்ற புலம்பல் சில வீடுகளில் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். கும்பிடு வாங்கிப் பழகியவருக்கு அது நின்றுபோனதில் இழப்பு உண்டு, மறுக்கவில்லை. கும்பிட்டு நின்றவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

பழசெல்லாம் தொலைந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. சுடுகாட்டுப் பாதைக்கும் தேர் வரும் தெருவுக்கும் இன்றும் சண்டை நடக்கிறது. அந்த வழக்கங்கள் இன்னும் வேகமாக மறையவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

புதிதாக வந்த மரியாதையைப் பார்க்க இந்தப் புலம்பலுக்குக் கண் இல்லை. உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். “அக்கா, உள்ள தள்ளிப் போங்கக்கா”, “அண்ணே, சில்லறையாக் குடுங்கண்ணே” என்கிறார் நடத்துநர். யார் வீட்டு அக்கா, எந்தத் தெரு அண்ணன் என்று அவர் விசாரிப்பதில்லை. ஒருகாலத்தில் முறை சொல்லிக் கூப்பிடுவது சமம் என்று ஊர் ஒப்புக்கொண்டவர்களுக்குள் மட்டும் புழங்கியது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவருக்கு வெறும் பேர்தான், அதுவும் ஒருமையில். இன்றைக்கு அண்ணனும் அக்காவும் பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் கிடைக்கிறது. கல்லூரிப் பையன்கள் ஒருவரையொருவர் ‘ப்ரோ’ என்பது பெரியவர்களின் காதில் உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. மாமா, மச்சான், பங்காளி என்று கூப்பிட எதிரில் இருப்பவர் என்ன வகையறா என்று தெரிந்தாக வேண்டும். ப்ரோ என்று கூப்பிட அது தெரிய வேண்டியதில்லை. ஒரு தலைமுறை அந்த விசாரணையைத் தாண்டிப் பேச ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், அது எந்த மொழியிலிருந்து வந்தாலும் அதற்கு என் ஆதரவு உண்டு.

அம்மிக்கு வருகிறேன். அம்மியில் அரைத்த குழம்பின் மணத்தைப் பற்றி மேடையில் உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அரைத்த பெண் உருகிப் பேசி நான் கேட்டதில்லை. தேவாரத்திலும் போடியிலும் கம்பத்திலும் மலை வேலைக்குப் போகும் பெண்களின் நாள் எப்போது தொடங்குகிறது என்று தெரியுமா? விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். அதற்குள் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைக்கு எடுத்துவைத்து, தனக்கும் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொள்ள வேண்டும். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறிப்போய், நாள் முழுதும் குனிந்து செடியின் தூரில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருகிறார்கள். வந்ததும் அடுப்பு. இதற்கு நடுவே அம்மியில் உட்கார்ந்து மிளகாயும் மல்லியும் அரைக்க வேண்டும் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியபோது, மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று பேசியவர்கள் உண்டு. யாரை? விடியுமுன் எழுந்து இருட்டியபின் திரும்புகிற பெண்ணையா? சோளச்சோறும் கேப்பைக்களியும் இன்று ஆரோக்கிய உணவாகி விலையேறிவிட்டன. அன்றைக்குச் சோளத்தை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கேப்பையைத் திருகையில் திரித்து அடுப்பில் ஏற்றுவதற்குள் ஒரு பெண்ணின் தோளும் இடுப்பும் என்ன பாடுபட்டன என்று அந்த உணவைப் புகழ்கிறவர்கள் எழுதுவதில்லை. அம்மி அரைத்ததால் சுகப்பிரசவம் ஆனது என்று ஒரு பொய் வேறு ஊரெல்லாம் உலவுகிறது. அம்மி அரைத்த காலத்தில் பேறுகாலத்தில் செத்த பெண்கள் எத்தனையெத்தனை பேர் என்று உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேளுங்கள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை ஒன்றாவது இல்லாத வகையறா அன்று இருந்திருக்காது. சுகமாகப் பிரசவிக்க முடியாதவர்களில் பலர் பிழைக்கவில்லை. அதனால்தான் பிழைத்தவர்கள் எல்லோரும் சுகமாகப் பெற்றவர்களாகத் தெரிகிறார்கள்.

மறைந்த வழக்கங்களின் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றை நான் சேர்க்கிறேன்: பிறந்த பெண்சிசுவுக்குப் புகட்டிய கள்ளிப்பால். 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலை நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் விரித்தது. அந்தப் பட்டியலில் தேனி ஏன் இருந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். கள்ளிப்பால் என்றால் நம் பக்கத்தில் என்ன பொருள் என்பது ஓர் இருபது வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால் நான் மனதார மகிழ்வேன். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துக் கலைக்கிற கொடுமை அதன் இடத்தைப் பிடிக்க வந்தது. அதோடு நடக்கும் போராட்டம் முடியவில்லை. எப்படியானாலும், ஒரு வழக்கம் பழையது என்பது மட்டுமே அதைக் காப்பாற்றக் காரணம் ஆகாது என்பதற்கு நம் மாவட்டத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

“சரி, கொடுமையான வழக்கங்கள் போகட்டும். யாரையும் நோகடிக்காத நல்ல சொற்களும் சேர்ந்து போகின்றனவே, அதற்கு ஆங்கிலமும் கைபேசியும்தானே காரணம்?” இந்தக் கேள்வி நியாயமானது. பதிலுக்குக் கமலைக் கிணற்றடிக்குப் போவோம்.

மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில் சால், தும்பி, வடம், வால்கயிறு என்று அந்த ஒரு வேலைக்குள்ளேயே எத்தனையோ பேர்கள் இருந்தன. மாட்டை முன்னால் ஓட்டவும் பின்னால் நகர்த்தவும் தனித்தனிக் குரல்கள் இருந்தன, இறைப்பவரின் பாட்டு இருந்தது. 1950களின் இறுதியில் லோயர்கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பி கிராமங்களுக்கு வந்தது, கிணற்றில் மோட்டார் இறங்கியது, பின்னால் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசமும் ஆனது. மாடு கிணற்றுமேட்டை விட்டுப் போனதும் வடமும் தும்பியும் போயின. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு வேன் ஏறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அந்தச் சொற்கள் விடைபெற்றுவிட்டன. அவற்றை நிறுத்தியவர் மோட்டார் வாங்கிய விவசாயி. அவர் செய்தது சரி. கோடை வெயிலில் நாள் முழுக்க மாட்டோடு முன்னும் பின்னும் நடந்தவருக்கு ஒரு ஸ்விட்ச் எவ்வளவு பெரிய விடுதலை என்று நடந்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

அளவைகளையும் பாருங்கள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி பதினாறு அணா ரூபாய் நூறு காசு ரூபாயானது. 1956இல் வந்த எடை அளவைச் சட்டத்தால் படியும் மரக்காலும் லிட்டருக்கும் கிலோவுக்கும் இடம் விட்டன. அந்த முடிவை எடுத்தது நாடாளுமன்றம். இன்றைய பிள்ளைகளின் பாட்டன்மார் அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஆனாலும் பூக்காரம்மாவிடம் இன்றும் முழம் கணக்குதான். வெற்றிலைக்குக் கவுளிதான். கடைசியாக எட்டணாவைக் கையில் தொட்டது எப்போது என்று தெரியாதவர்களும் பேச்சில் எட்டணாவை விடவில்லை. சட்டமே வந்து அகற்றப் பார்த்தும் இவை நின்றன, ஏனென்றால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. வேலை இருக்கும்வரை சொல்லும் இருக்கும். வேலை போனபின் அதைப் பிள்ளையின் வாயில் திணித்து நிறுத்த முடியாது.

மலையின் கதை இன்னும் தெளிவானது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. நம் மக்கள் உழைத்த மலை வேறு மாநிலத்திலேயே நின்றுவிட்டது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போன பாதைக்குச் சாலை கேட்டு இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் சுற்றிக்கொண்டு ஜீப்பில் போகத் தொடங்கியபின் பொதியும் சும்மாடும், வழியில் தங்கின இடங்களின் பேர்களும் யாருக்குத் தேவைப்படும்? மாடு மேய்ப்பவர்களின் நிலைமையும் அதுவே. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் காட்டுக்குள் மாடு மேய்க்க உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற எல்லைக்குள் சுருக்கியது. காட்டைக் காப்பது தேவைதான்; மலைமாடு வளர்ப்பவரின் வயிறும் தேவைதான்; அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் பட்டியில் மாடு குறையக் குறைய, நிறத்தையும் கொம்பையும் சுழியையும் பார்த்து மாட்டுக்கு வைத்த பேர்கள் குறைகின்றன. இதில் கைபேசி செய்த குற்றம் என்ன? மேய்ச்சல் உரிமைக்காக அந்த மேடைப் பேச்சாளர்கள் ஒரு மனுவிலாவது கையெழுத்துப் போட்டார்களா?

நம் பேச்சு முன்பு கலப்பில்லாமல் இருந்தது, இப்போதுதான் கெட்டது என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசி, வாசலுக்கு வந்ததும் தமிழ் பேசுகிற குடும்பங்கள் தேவாரத்திலும் கம்பத்திலும் எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன. மலைக்குப் போனவர்கள் மலையாளத்தைக் கொண்டுவந்தார்கள். தாசில்தாரும் ஜில்லாவும் வாய்தாவும் எங்கிருந்தோ வந்து நம் அப்பத்தாக்களின் வாயில் ஊறிப்போன சொற்கள். அவர்கள் கெட்டுப்போனார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

இனி, உயிரோடு இருப்பவற்றைச் சொல்லவேண்டும். விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்லவேண்டும் என்பது நம் வழக்கம். அதைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் போனில் பேசி முடிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். “சரி, வச்சிரட்டா?” என்று கேட்டு, எதிர்முனையில் “சரி, வையி” என்று வந்தபிறகுதான் வைக்கிறார்கள். கேட்காமல் வைத்துவிட்டால் கோபம் வருகிறது, பேச்சு முறிகிறது. பேச்சை முறித்துக்கொண்டு போகாதே, அனுமதி கேட்டுப் போ என்ற பழைய நயம் இது. இதை அவர்களுக்கு ஒரு பெரியவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசலில் இருந்த வழக்கத்தைத் தாங்களே போனுக்குக் கொண்டுபோனார்கள்.

மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி, மதுரைப் பக்கத்தில் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் வாசலில் நோட்டும் பேனாவுமாக இருவர் உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கணினியும் ரசீது அடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. எழுதும் முறை மாறியது, வழக்கம் மாறவில்லை. வங்கி கடன் கொடுக்காத வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் ஒரு கடையைத் தொடங்கவும் அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. வாங்கியதை அடுத்தவர் விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அப்படியே இருக்கிறது. மொய்யால் நொடிந்த குடும்பங்களும் உண்டு, எனக்கு அதன்மேல் விமரிசனம் உண்டு. ஆனால் வழக்கத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று இந்தத் தலைமுறையைச் சொல்ல முடியாது. தேவைப்படுகிற வழக்கத்தை அவர்கள் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுகிறார்கள்.

புது வழக்கத்தையும் இந்த மண் உண்டாக்கியிருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் பிறந்தநாள் சனவரி 15. தைப்பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்திருக்கிறார்கள். 2013இல் லோயர்கேம்பில் மணிமண்டபமும் திறந்தாயிற்று. பாட்டன் பூட்டன் காலத்துச் சாத்திரம் எதிலும் இது இல்லை. நன்றி இருந்த இடத்தில் சடங்கு தானாக வந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு, எதுவுமே இழப்பில்லை என்று நான் முடித்தால் அது நேர்மையாகாது. இழப்பு உண்டு. புலம்புகிறவர்கள் காட்டும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

மானாவாரி பூமியில் மழையை உழவுக் கணக்கில் சொன்னார்கள். ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்கள். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா, அதற்கும் கீழே ஈரம் போனதா என்று காட்டில் நின்று பார்த்துச் சொன்ன அளவு அது. மழைமானி மில்லிமீட்டரில் சொல்வது வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை. உழவுக் கணக்கு சொன்னது மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்பதை. ஒரே மழையில் செவக்காடு ஒரு மாதிரி நனையும், கரிசல் இன்னொரு மாதிரி நனையும்; விதைக்கிறவருக்குத் தேவை இரண்டாவது கணக்குதான். மலையின் மழைமறைவில் கிடக்கிற தேவாரம் காடுகளில் ஆடிக்காற்றையும் சாரலையும் ஐப்பசி மழையையும் பார்த்து எதை எப்போது விதைப்பது என்று தெரிந்து வைத்திருந்தவர்களின் அறிவு முழுக்க இப்படிப்பட்ட சொற்களில் இருந்தது. நாட்டு விதையை எப்படிச் சேர்த்து வைப்பது, கிடை போட்ட நிலத்துக்கு எத்தனை பருவம் வலு இருக்கும், மாட்டுக்கு வந்த நோய்க்கு மலையில் எந்தத் தழையைப் பறிப்பது என்பதெல்லாம் அதில் சேரும். அதைச் சுமந்தவர்கள் உழுதவர்கள், மேய்த்தவர்கள், களையெடுத்த பெண்கள். மேடையில் அவர்களுக்கு நாற்காலி போட்டதில்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது அந்த அறிவு போகிறது. நான் கலங்குவது இதற்கு.

இந்த இழப்பைத் தடுக்க வழி தெரியாமலும் இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயியான கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை உருவாக்கி 1982இல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் வந்து செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் ஒரு சொல்லகராதி செய்தார். பெரும்பணமோ பட்டாளமோ இந்த வேலைக்குத் தேவையில்லை என்று இருவரும் காட்டிவிட்டார்கள். காதும் பொறுமையும் போதும். சொன்னவரை மதிக்கிற மனம் வேண்டும். ஆண்டுதோறும் அம்மிக்கும் உரலுக்கும் அழுகிறவர்கள் அந்த நேரத்தில் பாதியைச் செலவிட்டிருந்தால் இந்தப் பள்ளத்தாக்குக்கு இப்படி எத்தனை தொகுதிகள் வந்திருக்கும்! அழுவதற்கு மேடை போதும், கேட்டு எழுதத் தெருவுக்குப் போகவேண்டும். அந்தத் தெருக்களுக்குள் கால் வைக்க நம்மில் பலருக்கு இன்னும் தயக்கம் இருப்பதுதான் உண்மையான தடை. கேதம் சொல்ல நடந்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அந்த நடையின் கதையைக் கேட்க முடியும்.

ஆசிரியர்களே, அடுத்த ஆண்டுவிழாவில் பிள்ளைகளைத் திட்டுகிற அந்தப் பேச்சைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படாத ஒன்றைத் தொலைத்தார்கள் என்று குற்றம் சாட்டுவது அநியாயம். நீங்கள் பழிக்கிற அந்தக் கைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு நோட்டையும் கொடுத்து, எல்லாத் தெருக்களுக்கும் அவர்களை அனுப்புங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காமார்களிடம், மலைமாடு மேய்த்தவர்களிடம், கொட்டடித்தவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். வலித்த கதையை வலித்தபடியே எழுதச் சொல்லுங்கள். கமலை இறைத்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் எண்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். போவதென்றால் இந்தக் கோடை விடுமுறையிலேயே போகவேண்டும்.